பதினஞ்சாவது விஷயம்

...அதான் கேக்குறேன் தம்பி, கக்கூஸ் பக்கத்துல கொண்டாந்து கடைக்கு எடம் குடுத்தா யாரு நின்னு பல்லி வாங்குவா? போறவன் அவசரத்துல போறான், வர்றவன் கைய உதறிக்கிட்டே வர்றான். ஈரக் கையால டப்பாவ தொடாதீங்கன்னா மூஞ்சி சுருங்கிடுது. காலைலேர்ந்து இதே பொழப்பு. நீங்க ஒருத்தருதான் நின்னு கேக்குறீங்க. ...என்ன? இருங்க இருங்க, இத முடிச்சிட்டு வந்துடறேன்.

எதுல விட்டேன்? ஆங், மூணாவது. சட்டம் என்ன சொல்லுது, உயிர விக்கிறவங்க வாங்குறவங்க மூஞ்சியப் பாத்து, அந்த உயிரையும் கண்ணுல காட்டி, பதினெட்டு விஷயத்த விளக்கணும்னு சொல்லுது. அப்புறந்தான் காசையே தொடலாம். இந்தப் பல்லிச் சந்தை ஹால்ல எல்லாரும்தான் சொல்றாங்க. எப்பிடி? ரயில்ல அடுத்த ஸ்டேஷன் பேரு சொல்ற மாதிரி. கையெழுத்துப் போடு, பையப் புடி, போய்க்கிட்டே இரு. நான் அப்பிடி இல்ல. மூணாவது, எவ்வளவு காலம் உயிரோட இருக்கும். சிறுத்தைப் பல்லி பதினஞ்சு வருஷம் இருக்கும், நல்லா வச்சிக்கிட்டா அதுக்கு மேலயும் போகும். நாளைக்கு உங்களுக்குக் கல்யாணம் ஆகுது, வர்ற பொண்ணு பல்லியப் பாத்தா அலறுதுன்னு வைங்க, அப்ப யார வெளிய அனுப்புவீங்க? காலைல ஒருத்தர்கிட்ட இதத்தான் கேட்டேன். அந்தப் பொண்ணு கூடவே நின்னுச்சு. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே போயிட்டாங்க. நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்?

அங்க பாருங்க, அந்தக் கோடியில, ஓனோதேரா கடை. வரிசை தூணச் சுத்திக்கிட்டு நிக்குது. பல வருஷமா பல்லி விக்கிறவரு, நல்ல மனுஷன், குத்தம் சொல்றதுக்கில்ல. இந்த வாட்டி அவருகிட்ட புதுசா ஏதோ வந்திருக்காம். தலையெல்லாம் ஆரஞ்சு, வாலு கொழுகொழுன்னு, கையில எடுத்தா சொன்ன பேச்சு கேக்குதாம். கக்கூஸ்ல நின்னுக்கிட்டே அதப் பேசுறானுங்க தம்பி, சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்குது. ஒரு எட்டு போயி பாத்துட்டு வரலாம்னா மனசு வரல. வயிறு எரியுது, உள்ளதச் சொல்றேன்.

...ஆமா, உங்களுக்கும் ஏதோ சொல்லணும். சொல்லலாம், எங்க போயிடப் போறோம்.

எங்க வீட்டுக்காரரு எங்க ஊரு தோயோஹாஷில முடிவெட்டுற கடை வச்சிருக்காரு. மாடி ரூமுல கடைத் துண்டெல்லாம் காயும். அந்த ரூமத்தான் நான் பல்லிக்கு எடுத்துக்கிட்டேன். துண்டெல்லாம் இப்ப எங்க தலைக்கு மேல, சாப்பிடுற எடத்துல காயுது. காலைல கிளம்புறப்ப சொல்லிட்டாரு, "சிஸுரு, கொண்டு போற டப்பா அத்தனையும் இன்னிக்கும் அப்பிடியே திரும்பி வந்துச்சுன்னா, துண்டு மறுபடி மாடிக்குப் போகுது"ன்னு. காசுக்காகச் சொல்லல அவரு. முடிவெட்ட வர்றவங்கல்லாம், "உங்க வீட்டம்மா பல்லிய யாராச்சும் வாங்குனாங்களா"ன்னு கேக்குறாங்களாம். கத்திரிய கையில வச்சிக்கிட்டு என்ன பதில் சொல்லுவாரு, பாவம். எனக்கு ஒரே ஒருத்தர் போதும் தம்பி. எங்க குடும்பப் பேரச் சொல்லி, நிஷிவாக்கி வீட்டுப் பல்லியா, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்னு ஒருத்தர் சொல்லிட்டா போதும். அந்தப் பேருக்குத்தான் இவ்வளவு அலைச்சல்.

பேருன்னா சும்மா இல்ல. காகான்னு ஒருத்தரு இருக்காரு, அவரும் என்ன மாதிரி பல்லி பொரிக்க வைக்கிறவருதான். மொத வருஷம் பொரிஞ்சதுல ரெண்டு குட்டிக்கு வாலு கோணிக்கிச்சு. அதுக்கப்புறம் எவ்வளவோ அழகான குட்டி எடுத்துட்டாரு. என்ன பிரயோஜனம்? இன்னிக்கும் அவரு கோணவால் காகாதான். அவரு பொண்டாட்டிய கூட கோணவால் வீட்டம்மான்னு சொல்றாங்க.

அதனால நான் உஷாரா இருந்தேன். வசந்தத்துல எனக்கு மொத மொத பொரிஞ்சது ஆறு குட்டி. அப்ப போட்ட கடைக்கு ஓனோதேராவே வந்தாரு. பதினெட்டையும் நின்னு கேட்டாரு. மொத ஆளும் அவருதான், கடைசி ஆளும் அவருதான். ஆறையும் எடுத்துக்கிறேன்னாரு. நான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். "ஐயா, என் பேர டப்பா மூடியில போடாதீங்க, போர்டுலயும் போடாதீங்க. நாளைக்கு ஒண்ணு கோணிக்கிட்டா என் பேரு நாறிடும். சட்டத்துக்காக வாயால சொல்ல வேண்டிய எடத்துல மட்டும் சொல்லிக்கங்க, அதையும் மெதுவா." குனிஞ்சு வணக்கம் வச்சு, சரிம்மான்னாரு. வாக்கு தவற மாட்டாரு. எல்லாம் அவரு வீட்டுலயே வளந்துக்கிட்டிருக்கும்.

சரி, நாலாவதுக்கு வருவோம். கூண்டுக்குள்ள சூடு... தம்பி, பைய மேஜை மேல வைக்காதீங்க, டப்பா சரியுது. ...ஓ. ஓனோதேரா கடைப் பை. அங்க வாங்கிட்டுத்தான் இவ்வளவு நேரம் இங்க நின்னு என் வாயப் புடுங்கிக்கிட்டிருந்தீங்களா? நல்லா இருக்கு. வெளிய எடுக்காதீங்க, நான் பாக்க மாட்டேன். அந்தப் புதுசையா வாங்குனீங்க? ...சரி, எடுத்தது எடுத்துட்டீங்க, இப்பிடிக் குடுங்க. ஏசி நேரா அடிக்குது, அதுக்குக் குளிரும்.

...

நெத்தியில இது என்ன. ரெண்டு புள்ளி ஒட்டிக்கிட்டு, அவரைக்கொட்டை மாதிரி.

தம்பி, இது என் குட்டி. முட்டைய விட்டு மூக்க நீட்டுனப்பவே அவரைன்னு பேரு வச்சேன். இத்தனூண்டு இருந்துச்சு. எப்பிடி வளத்திருக்காரு பாருங்க.

என்ன சொன்னீங்க? பதினஞ்சாவதுல சொன்னாரா? பொரிக்க வச்சது யாருன்னு சொல்ற எடம், ஆமா, அதுல என் பேரச் சொன்னாரா? மெதுவாத்தான் சொன்னாரா? அவரத் தவிர என்கிட்ட ஆறாவதுக்கு மேல ஒருத்தரும் நின்னதில்ல. நீங்க அங்க பதினஞ்சு வரைக்கும் காது குடுத்திருக்கீங்க. அப்புறம் அந்தப் பேரத் தேடிக்கிட்டு கக்கூஸ் வரைக்கும் வந்திருக்கீங்க. இதச் சொல்லத்தான் அப்பலேர்ந்து வாயத் திறந்து திறந்து மூடுனீங்களா? நான் விட்டாத்தானே.

அப்ப அந்த வரிசை... அது என் குட்டிங்களப் பாக்கத்தான் நிக்குதா? காலைலேர்ந்து சுவத்துக்கு அந்தப் பக்கம் பேசுனதெல்லாம் என் பல்லியப் பத்தியா? நான் இங்க உக்காந்து வயிறெரிஞ்சுக்கிட்டிருந்தேனே. அவர என்னன்னு கோவிச்சுக்கிறது, போடாதீங்க போடாதீங்கன்னு கைய புடிச்சுக் கெஞ்சுனவ நான். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க தம்பி. அழுகையா வருது, சிரிப்பாவும் வருது, ரெண்டையும் நீங்க பாக்க வேணாம்.

அங்க இன்னும் எத்தனை மிச்சம்? ரெண்டா? எங்க அந்த மார்க்கர். மொதல்ல உங்க மூடியக் குடுங்க, என் பேர எழுதிடறேன். ...இருங்க, அவசரப்படக் கூடாது. அவரையோட கால் விரலெல்லாம் பாத்துட்டுத்தான் எழுதுவேன். விரல்ல உரிஞ்ச தோலு ஒட்டிக்கிட்டிருந்தா விரலே போயிடும், அப்பிடி இருந்தா நான் என் பேரப் போட மாட்டேன். இந்தப் பக்கம் சுத்தம். இந்தா, பின்னங்கால் சின்ன விரல்ல இருக்கு பாருங்க. அந்த ஈரப் பஞ்ச எடுங்க. அசையாதடா அவரை... வந்துடுச்சு. இப்ப எழுதலாம். நிஷிவாக்கி. பெருசாவே எழுதுறேன், தூரத்துலேர்ந்தே தெரியட்டும்.

நான் ஓடிப்போயி அந்த ரெண்டு மூடியிலயும் எழுதிட்டு வந்துடறேன், வித்துப் போறதுக்குள்ள. நீங்க என் நாற்காலில உக்காருங்க. யாராச்சும் வந்தா அவரையக் காட்டுங்க, மூடியக் காட்டுங்க, அது போதும். விளக்கம் எதையும் நீங்க ஆரம்பிச்சிடாதீங்க, அத நான் வந்துதான் சொல்லணும். அதுவரைக்கும் அவங்கள மட்டும் போக விட்டுடாதீங்க.