கரண்ட் வந்தால் தானாக ஓடும்

காத்திருக்கச் சொன்னால் சங்கரன்கோவிலில் யாரும் எதையும் வாங்க மாட்டார்கள், சார். என் அப்பா ஆட்டுச்சந்தையில் தரகர். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை காட்டியதும் 'ஆச்சு' என்று சொல்லிவிட வேண்டும்; யோசித்தால் ஆடு அடுத்தவன் கைக்குப் போய்விடும். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

நான் விற்பது கிணற்று மோட்டாரில் மாட்டும் பெட்டி. கூடவே நானே எழுதிய ஆப். மும்முனைக் கரண்ட் முறை வைத்துத்தானே வரும்? 'தானாக ஓடு' என்ற செட்டிங்கை ஆன் செய்து வைத்தால், வந்த நொடியே மோட்டார் ஓடும். ஆஃப் செய்தால் சும்மா கிடக்கும். முதலில் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். பெட்டி பதில் சொன்ன பிறகே திரையில் 'ஆஃப்' வரும். அதுவரை ஒரு வட்டம் சுற்றும்.

"என்னவே, உம்ம ஆப்பு எருமை மாதிரி அசை போட்டுக்கிட்டு நிக்குது?" என்று ஒருவர் கடையில் வைத்துக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று ஒரு பெட்டிகூடப் போகவில்லை.

மறுநாளே மாற்றினேன். செட்டிங்கைப் போனிலேயே சேமித்தேன், திரையும் போனிலிருந்தே படித்துக் காட்டியது. தொட்டவுடன் 'ஆஃப்'. சிக்னல் கிடைக்கும்போது பெட்டிக்குச் செய்தி போகும். 'இன்னும் போய்ச் சேரவில்லை' என்று ஒரு சிவப்பு வரி இருந்தது. வியாபாரத்துக்கு ஆகாது என்று எடுத்துவிட்டேன். இளையரசனேந்தல் பக்கம் சிக்னல் எப்படி என்று தெரிந்தேதான் எடுத்தேன்.

அந்தப் பக்கம் என்னிடம் பெட்டி வாங்கிய வேல்ராஜ், மோட்டார் வயரைச் சரிசெய்யக் கிணற்றில் இறங்கும் முன் அவன் மனைவி பொன்செல்வி ஆஃப் செய்திருக்கிறாள். அறுந்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, ஆஃப்ல கெடக்கா?" என்று கீழேயிருந்து கேட்டிருக்கிறான். "ஆஃப்னுதான் காட்டுது, நீங்க சோலியப் பாருங்க" என்றிருக்கிறாள். ஐந்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. செய்திதான் பெட்டிக்கு வந்து சேரவில்லை.

வேல்ராஜ் செத்ததற்குத் துட்டி கேட்கப் போனேன். "எங்க தப்புன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க, அண்ணாச்சி" என்று பொன்செல்வி தன் போனை என் கையில் கொடுத்தாள். பந்தலடியில் உட்கார்ந்தே, அவள் போனில் சேமித்திருந்ததை 'ஆன்' என்று மாற்றினேன். மாற்றிய நேரத்தைக் கரண்ட் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்னதாகத் திருத்தினேன். பிறகு காட்டினேன்.

"நானா அமுக்கினேன்?"

"கை பட்டிருக்கும்மா. வேணும்னா செஞ்ச?"

பெட்டியைப் பிரித்து, அப்படி ஒரு மாற்றம் அதற்குள் வரவேயில்லை என்று உங்கள் ஸ்டேஷன் ஆள் கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம்தான். நான் மறுக்கவில்லை. அதற்காக வெட்கப்படவும் மாட்டேன். வட்டம் சுற்றும் ஆப்பை வேண்டாம் என்றவர்கள் அவர்கள்; கேட்டதைக் கொடுத்தேன்.

அவள் கையால் மாமியார் இசக்கித்தாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். என்னால் பொறுக்க முடியவில்லை. பதினாறாம் நாள் நேரிலேயே போனேன். "பெரியம்மா, அவ தெரியாம செஞ்சுட்டா. மன்னிச்சு விட்டுருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவளுக்காகப் பரிந்து பேச அந்த ஊரில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சார்?