பேசாப் படத்தில் ஆரவாரம் கேட்டவருக்கு

டொலீடோ பைலட்ஸ் அமெரிக்கக் கால்பந்துக் கழகத்தின் தெற்கு மண்டலத் தேர்வாளராக முப்பத்தோராண்டு பணியாற்றி விடைபெறும் பெருமதிப்பிற்குரிய டெல்மார் ஃபான்ட்டினோ அவர்களுக்கு, வீரர் தேர்வுத் துறையினர் அன்போடும் கலக்கத்தோடும் வாசித்தளிக்கும் மடல்.

லேக் சார்ல்ஸ் ஈன்ற ஏந்தலே! லூசியானா தொடங்கி ஜார்ஜியா வரை கல்லூரி மைதானந்தோறும் கால்கடுக்க நின்ற கண்காணிப்பாளரே! வாடகைக் காரிலே வாழ்நாளில் பாதியையும், வழியோரக் கடையில் வாங்கிய அவித்த வேர்க்கடலையிலே பகலுணவு முழுவதையும் முடித்துக்கொண்ட முனிவரே! மழையிலும் தொப்பி கழற்றாத, மனத்தில் பட்டதை மறைக்காத, மாண்புமிகு முரட்டு மனிதரே! தங்களை வணங்குகிறோம்.

பாராட்டு மடலைப் பதற்றமில்லாமல் எழுத வேண்டும் என்பது மரபு. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கழகங்கள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாகக் கல்லூரிப் பிள்ளைகளை எடுக்கும் வீரர் தேர்வு முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தாங்கள் கடைசியாகக் கைகாட்டிய பிள்ளை தேறுவானா, தேறமாட்டானா என்று தெரிய மூன்று பருவங்களாவது ஆகும். அதற்குள் தாங்கள் மூட்டை கட்டிவிட்டீர்கள்! ஆகவே, அவையோர் பொறுத்தருள்க. இந்த மடலின் பொன்னெழுத்துகளுக்கு நடுவே எங்கள் புலம்பலும் கேட்கும்.

தங்கள் பெருமைகளை முறைப்படி அடுக்கத் தொடங்கினால் நண்பகல் விருந்து ஆறிவிடும். பயிற்சியாளர்கள் புகழ்ந்த பையனைத் தாங்கள் புகழ்ந்ததில்லை. பத்திரிகைகள் தூக்கிவைத்து ஆடிய பையனைக் கண்டால், ‘பார்க்கலாம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் தங்கள் வாய் திறந்ததில்லை. பந்தை எறிபவன் எறிந்து முடிப்பதற்குள் விளிம்பிலிருந்து பாய்ந்து அவனைத் தரையில் சாய்க்கும் பாய்ச்சல்காரர்களை எடைபோடுவதில் தங்களுக்கு நிகர் தாங்களே! மற்றவர்கள் அவன் சாய்த்த கணக்கைப் பார்த்தார்கள். தாங்கள் பந்து அசையும் நொடியில் அவன் எடுத்துவைக்கும் முதலடியைப் பார்த்தீர்கள். ‘முதலடி பிந்தினா மத்ததெல்லாம் வெட்டி வேலை’ என்று எங்களைத் திட்டித் திட்டியே தொழில் கற்றுக்கொடுத்தீர்கள். நன்றி, ஆனால் கொஞ்சம் மெதுவாகத் திட்டியிருக்கலாம்.

அந்த முதலடிக்காகத்தான் கெஷான் லவெட் என்ற பிள்ளையைச் சென்ற செப்டம்பரிலே அலபாமாவிலிருந்து எங்கள் முன் கொண்டுவந்தீர்கள். நாட்டிலேயே வேகமான முதலடி என்று எழுதினீர்கள். முதல் சுற்றிலேயே எடுக்கத் தக்கவன் என்று முத்திரை குத்தினீர்கள். படம் போட்டுப் பார்த்தோம், அசந்துபோனோம். பந்து அசையும் முன்பே அவன் புறப்பட்டதுபோல் இருந்தது! உள்ளூர் ஆட்டங்களில் ஆள்மேல் ஆளாகச் சாய்த்தான். வெளியூர் ஆட்டங்களில் வேகம் குறைந்ததற்கு, அப்போதெல்லாம் கணுக்கால் சுளுக்கு என்று கல்லூரிக்காரர்கள் சொன்னதை நாங்களும் சந்தோஷமாக நம்பினோம். நம் பொது மேலாளர் க்ளே ஹாலிங்கர் அன்றிலிருந்து அந்தப் பையன் பெயரை உச்சரித்தபடியே உறங்கினார். இந்த ஆண்டும் சொதப்பினால் உன் நாற்காலி இருக்காது என்று கழக உரிமையாளர் அவரிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தது இங்கிருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

பிறகுதான் அந்த ஈஸ்டர் வந்தது. தாங்கள் வீட்டுக்குப் போனீர்கள். அம்மையார் ஓடில் அவர்கள் அடுப்பில் கம்போ என்னும் இறால் குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்க, கூடத்துத் தொலைக்காட்சியில் லவெட்டின் பழைய ஆட்டம் ஒன்று மறுஒளிபரப்பாகிக்கொண்டிருந்ததாம்.

“அந்தச் சனியனைக் குறைங்களேன்! காது ரெண்டும் அடைக்குது. கூட்டம் கத்துற கத்துல சாமி கும்பிடக்கூட முடியல” என்று அம்மையார் அதட்டினாராம்.

அங்கேதான், ஐயனே, தங்களுக்கு உறைத்தது! நாம் ஆண்டு முழுக்க அலுவலகத்தில் போட்டுப் பார்க்கும் ஆட்டப் படங்களில் ஒலி கிடையாது. மேலிருந்து எடுத்த படம்; இருபத்திரண்டு பேரும் தெரிவார்கள்; ஒரு சத்தமும் வராது. காது கேளாதவர்கள் திருவிழா பார்ப்பதுபோல்தான் நாம் ஆட்டம் பார்க்கிறோம். லவெட்டின் சொந்த மைதானத்திலோ கூட்டம் இடியாய் இடிக்கிறது. அந்தக் கூச்சலில் வெளியூரிலிருந்து வந்த அணியின் எறிபவன் குரல் யாருக்கும் கேட்காது. அதனால் நடுவில் குனிந்து பந்தைப் பிடித்திருப்பவன் தலையை ஒருமுறை ஆட்டுவான், ஒரு மூச்சு விடுவான், பந்தைப் பின்னே கொடுப்பான். ஆட்டம் முழுக்க அதே தாளம். லவெட் புறப்பட்டது பந்தைப் பார்த்தல்ல. அந்தத் தலையைப் பார்த்து! அமைதியான வெளியூர் மைதானத்தில் எறிபவன் குரலை மாற்றி மாற்றிக் கொடுத்து ஏய்ப்பான், தலை ஆடாது, பையன் பிந்திவிடுவான். கணுக்கால் பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை.

இன்னொருவராக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வழியனுப்பு விழாவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பார். கடைசி ஆண்டு, தானே கொண்டுவந்த பையன், தானே குத்திய முத்திரை. தாங்களோ வீரர் தேர்வுக்கு முந்திய நாள், புதன்கிழமை இறுதிக் கூட்டத்தில் எழுந்து நின்றீர்கள்.

“லவெட்டைப் பத்தி நான் சொன்னது தப்பு. அவனுக்கு அவ்வளவு வேகம் கிடையாது” என்றீர்கள்.

க்ளே அவர்கள் வயிற்றெரிச்சல் மாத்திரையை மென்றுகொண்டிருந்தவர், மெல்வதை நிறுத்தினார்.

கிழக்கு மண்டலத்து லெனி ப்ரூசெக் சும்மா இருப்பாரா? “என்ன டெல், போற நேரத்துல குண்டு போட்டுட்டுப் போறே? எட்டு மாசமா அவன் முதலடி, முதலடின்னு எங்க உசிர எடுத்தியே!”

“எடுத்தேன். கண்ணால பாத்தேன், காதால கேக்கல. இப்பத்தான் கேட்டேன்.”

அங்கேயே தொலைபேசியை மேசைமேல் வைத்து, எல்லாரும் கேட்க லவெட்டை அழைத்தீர்கள். “தம்பி, உன் ஊரு மைதானத்துல நீ எதைப் பாத்துக் கிளம்புறே?”

“அவன் தலையைத்தான், மிஸ்டர் டெல்” என்றது வெள்ளந்தியான குரல்.

“யாருப்பா சொல்லிக் கொடுத்தது?”

“யாரும் இல்ல சார். நானே பாத்தேன். அவனுங்க எல்லாருமே அப்படித்தான் ஆட்டுறாங்க. ஏன், பாக்கக் கூடாதா?”

“பாக்கலாம், பாக்கலாம். வெளியூர்ல?”

“அங்க யாரும் தலையாட்ட மாட்டேங்கிறாங்க சார். எனக்கு எதிர்ல தரையில கையூனி நிக்கறவனோட விரலைப் பாக்கறேன், ஊனின விரல் வெளுத்தா கிளம்பப் போறான்னு அர்த்தம். ஆனா இன்னும் சரியா வரல.”

தொலைபேசியை வைத்தீர்கள். க்ளே அவர்கள் கேட்டார்: “ஒரே வார்த்தைல சொல்லு டெல்மார். எடுக்கவா, விடவா?”

“தெரியல” என்றீர்கள்.

முப்பத்தோராண்டில் அந்த அறையில் தாங்கள் உச்சரித்திராத சொல்! நாங்கள் எவருமே உச்சரிக்கத் துணியாத சொல்! தெரியாது என்று சொல்பவனுக்கு இந்தத் தொழிலில் மறுஆண்டு ஒப்பந்தம் வராது. தாங்களே தொடர்ந்தீர்கள்: “வேகத்துக்குன்னு முதல் சுத்துல எடுக்காதே. அது அவன்கிட்ட இல்ல. ஆனா எவனும் சொல்லிக் கொடுக்காம தலையையும் விரலையும் படிக்கிற கண்ணு அவன்கிட்ட இருக்கு. அந்தக் கண்ணு பெரிய ஆட்டத்துல தேறுமான்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. அதுக்குன்னு ரெண்டாம் சுத்துல எடு, கிடைச்சா.”

கிடைச்சா! அந்த ஒரு சொல்லில் நாங்கள் பட்ட பாட்டை எப்படி எழுத? வியாழன் மாலை முதல் சுற்றில் எங்கள் முறை வந்தபோது லவெட்டின் பெயர் இன்னும் பலகையில் இருந்தது. க்ளே தங்களைத் திரும்பிப் பார்த்தார். தாங்கள் தலையை மட்டும் இடவலமாக அசைத்தீர்கள். வேறொருவனை எடுத்தோம். அதே பேசாப் படத்தைப் பார்த்த மற்றக் கழகங்கள் அவனை அள்ளிக்கொண்டு போகட்டுமென்று அவனைத் திறந்த வெளியில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். முதல் நாளே அழைப்பு வரும் என்று அவன் தாய் ரோண்டா அம்மையாரிடம் தாங்களே குளிர்காலத்தில் சொல்லியிருந்தீர்கள். அந்த வீட்டில் உற்றார் உறவினரெல்லாம் கூடியிருப்பார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். சுற்று முடியும்வரை தங்கள் பொட்டலத்து வேர்க்கடலை பிரிக்காமலே கிடந்தது.

வெள்ளி மாலை இரண்டாம் சுற்று. ஒவ்வொரு பெயர் அறிவிக்கும்போதும் லெனி கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்கு முந்திய கழகத்துக்குப் பாய்ச்சல்காரன் அவசரத் தேவை என்பது ஊரறிந்த சேதி. அவர்கள் நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள், பாவிகள்! கடைசியில் பின்களத் தடுப்பாளன் ஒருவனை எடுத்தார்கள். எங்களில் சிலர் அழுதே விட்டோம். பெயர் சொல்ல மாட்டோம்.

க்ளே தொலைபேசியைத் தங்கள் கையில் கொடுத்தார்.

“மிஸ்டர் டெல்லா? நேத்தே அம்மா கேக்கை எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சிட்டாங்க” என்றான் பையன்.

“வெளிய எடுக்கச் சொல்லு. நீ டொலீடோவுக்கு வர்றே.”

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். அது அடங்கியதும் அவன் மெல்லக் கேட்டான்: “சார், நேத்து என்னை வேணாம்னு சொன்னது நீங்களா?”

பொய் சொல்ல எவ்வளவு வசதியான இடம்! “நான்தான்டா. உன்கிட்ட இல்லாத ஒண்ணுக்காக உன்னைத் தூக்கிவச்சா, நாளைக்கு அது இல்லன்னு உன்னையே அடிப்பாங்க. இருக்கறதுக்காக எடுத்திருக்கோம்” என்றீர்கள்.

அவன் பதில் சொல்வதற்குள் தாய் வாங்கிக்கொண்டார். “டெல்மார், எம்புள்ளைய ஒரு ராத்திரி பூரா அழவச்சீங்க. அவன் அங்க வந்து தோத்தான்னா, உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்துடுவேன், சொல்லிட்டேன்.”

“வாங்க ரோண்டா. ஓடில் கம்போ வைப்பா.”

அம்மையார் சிரிக்கவில்லை. “நீங்க அங்க இருப்பீங்கல்ல? அவன் கூட?” என்று கேட்டார்.

அறையில் இருந்த எங்கள் அனைவருக்கும் தங்கள் ஓய்வு நாள் தெரியும். க்ளேக்குத் தெரியும். தங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தாங்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

“இருப்பேன்மா” என்றீர்கள்.

நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

வாய்மை தவறாத வள்ளலே! புதனன்று தங்கள் பெயரையே பணயம் வைத்து உண்மை சொன்ன தாங்கள், வெள்ளியன்று ஒரு தாயிடம் நிறைவேற்ற வழியில்லாத வாக்கைக் கொடுத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து தாங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஓடில் அம்மையார் எங்களிடம் சொல்லிவிட்டார். ஓய்வுக்கால வீடு பார்க்கப் போன இடத்திலும் காரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தீர்களாம்.

இப்படிப்பட்டவருக்குக் கைக்கடிகாரம் தருவதா? சால்வை போர்த்துவதா? துறையினர் கூடிப் பேசினோம். தங்களுக்கு நாங்கள் தரும் பரிசு இதுதான்: வரும் மூன்று பருவங்களிலும் பைலட்ஸ் ஆடும் ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் தங்களுக்கும் அம்மையாருக்கும் விமானச் சீட்டும், மைதானத்தில் இருக்கையும். உள்ளூர் ஆட்டத்துக்குக் கிடையாது. இங்கே கூட்டம் கத்தும், பையன் தலையைப் பார்த்துக்கொள்வான். எதிராளி ஊரின் அமைதியிலே, அவன் ஒரு விரலை நம்பிக் குனிந்து நிற்கும்போதுதான் தாங்கள் வேண்டும். இருக்கைகள் பக்கக்கோட்டருகே கேட்டிருக்கிறோம். அவன் திரும்பினால் தொப்பி தெரிய வேண்டும். ரோண்டா அம்மையாருக்கும் தகவல் சொல்லிவிட்டோம். ‘அப்போ, சொன்ன மாதிரியே இருக்கப் போறாரா?’ என்று கேட்டார்.

நூறாண்டு வாழ்க என்று எழுதி முடிப்பது வழக்கம். வாழ்க, வேண்டாமென்று யார் சொன்னார்? ஆனால் எங்களுக்கு இப்போதைக்கு அவசரமாக வேண்டியவை மூன்றாண்டுகள். உப்பைக் குறையுங்கள். மாடிப்படியைப் பிடித்து இறங்குங்கள். மருத்துவர் சொன்ன மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குங்கள். பையன் தேறினாலும், தேறாவிட்டாலும், அந்தச் சேதியைத் தாங்கள் இல்லாத அறையில் கேட்கும் தெம்பு எங்களுக்கு இல்லை, டெல்மார்.

டொலீடோ பைலட்ஸ் வீரர் தேர்வுத் துறையினர் அனைவரும்,
கலக்கத்தோடு க்ளே ஹாலிங்கரும்,
கண்ணை இன்னும் திறக்காத லெனி ப்ரூசெக்கும்.