பன்னிரண்டாவது தூண்

மேஸ்திரி: மெதுவா சம்பந்தி, மெதுவா. அது வாசக்கதவு, பிஸ்கட் இல்ல. இப்படி அமுக்கினா நொறுங்கிடும்.

பிளான்காரர்: நாப்பது வருஷம் பேனாவும் ஸ்கேலும் பிடிச்ச கை. பசை பிடிக்க இப்பதான் பழகுது.

மேஸ்திரி: தெரியுதே. பாதிப் பசை உங்க சட்டையிலதான் இருக்கு. வீட்டை ஒட்டறீங்களா, உங்களையே ஒட்டிக்கறீங்களா?

பிளான்காரர்: பேசாம அந்தச் சுவரைப் பிடிங்க. ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி. பேத்திக்கு ஒரு பொம்மை வீடு கட்ட நாலு நாளா?

மேஸ்திரி: சும்மா ஒரு வீடுன்னா அன்னைக்கே முடிச்சிருப்பேன். "எங்க வீடு மாதிரியே வேணும் தாத்தா"ன்னுல்ல கேட்டுட்டா.

பிளான்காரர்: அதுக்குத்தான் பழைய பிளானைத் தேடி எடுத்தேன். அடிக்கு ஒரு அங்குலம். முப்பதடி வீடு, முப்பது அங்குலம். நான் வரைஞ்சது, நீங்க கட்டினது. உங்க பையனும் என் பொண்ணும் குடியிருக்கறது. இதுல தப்பு வந்தா நம்ம ரெண்டு பேர் மானமும் போச்சு.

மேஸ்திரி: அஞ்சு வயசுப் பிள்ளை டேப் வச்சா அளக்கப் போறா?

பிளான்காரர்: உங்களுக்குத் தெரியாது. போன வாரம் இங்க வந்தவ, "தாத்தா, உங்க காலண்டர் கோணலாத் தொங்குது"ன்னுட்டுப் போறா.

மேஸ்திரி: அது உங்க ரத்தம். எங்க பக்கம் யாரும் நிமிந்தே பாக்க மாட்டோம்... சரி, தூணெல்லாம் நட்டாச்சு. தளத்தை வச்சிடலாமா?

பிளான்காரர்: இருங்க. மேசை மேல ஒண்ணு கிடக்கு.

மேஸ்திரி: எது?

பிளான்காரர்: தூண். நான் பன்னெண்டு சீவிக் கொடுத்தேன்.

மேஸ்திரி: ...மிச்சமாயிருக்கும். எடுத்து வைங்க. ஏதாவது ஒடைஞ்சா ஆகும்.

பிளான்காரர்: இது என்ன சட்டைப் பட்டனா, உபரியா ஒண்ணு வச்சுக்க? எண்ணுங்க.

மேஸ்திரி: எண்ணி என்ன ஆகப்போகுது...

பிளான்காரர்: எண்ணுங்க சம்பந்தி.

மேஸ்திரி: முன்னால நாலு. பின்னால நாலு. நடு வரிசையில... மூணு.

பிளான்காரர்: ஹாலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவுல வரவேண்டியது எங்க? பிளானைப் பாத்துத்தானே நட்டீங்க?

மேஸ்திரி: பிளானை நான் எதுக்குப் பாக்கணும்? என் கையால எழுப்பின வீடு. கண்ணை மூடினா ஒவ்வொரு தூணும்...

பிளான்காரர்: ஒவ்வொரு தூணும் தெரியும். பதினொண்ணு தெரியும். அப்படித்தானே?

மேஸ்திரி: அந்தப் பசையை இப்படிக் கொடுங்க. இங்க ஒண்ணை ஒட்டிட்டா முடிஞ்சுது.

பிளான்காரர்: இதுல ஒட்டிடலாம். அதுல?

மேஸ்திரி: ...கதவைச் சாத்துங்க. உங்க வீட்டம்மா காதுல விழுந்துடப்போகுது.

பிளான்காரர்: அவ கடைக்குப் போயிருக்கா.

மேஸ்திரி: அஸ்திவாரம் தோண்டறப்போ உங்க பொண்ணு வந்து பாத்தா. அப்ப நிச்சயம் மட்டும்தான் ஆகியிருந்தது. "மாமா, ஹால் நடுவுல இந்தத் தூண் நந்தி மாதிரி நிக்குமே"ன்னா. வரப்போற மருமக முதல் முதலா வாய் திறந்து கேக்கறா. முடியாதுன்னு சொல்ல நாக்கு எழும்பல.

பிளான்காரர்: என்கிட்ட ஒரு வார்த்தை...

மேஸ்திரி: கேட்டா கூடாதும்பீங்க. பீம்ல ரெண்டு கம்பி கூட்டிப் போட்டேன். ஆறு வருஷமா நிக்குதா இல்லையா? ஒரு விரிசல் காட்டுங்க பாப்போம்.

பிளான்காரர்: மேல வெறும் மொட்டை மாடி. துணி காயற பாரம். நிக்கும். இப்ப அது மேல ரூம் எடுக்கப் போறாங்களே.

மேஸ்திரி: நானும் தள்ளிப்போடு தள்ளிப்போடுன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன். வெயில் போகட்டும், மழை போகட்டும்... பையன் என்னை விட்டுட்டு வேற ஆளை வச்சுக்கிட்டான். "உனக்கு வயசாச்சுப்பா, நீ உக்காந்து பொம்மை வீடு கட்டு"ங்கறான்.

பிளான்காரர்: அடுத்த மாசம்தானே ஆரம்பிக்கறதா மாப்பிள்ளை சொன்னார். அதுக்குள்ள பேசிடலாம்.

மேஸ்திரி: நேத்தே செங்கல் ஏத்தியாச்சு.

பிளான்காரர்: என்னது.

மேஸ்திரி: ரெண்டாயிரம் கல். இன்னைக்கு மணல் ஏறுது.

பிளான்காரர்: எங்க அடுக்கியிருக்கான்?

மேஸ்திரி: ஓரமாத்தான் அடுக்கியிருப்பான்.

பிளான்காரர்: இருப்பானா? நீங்க பாக்கலையா?

மேஸ்திரி: காலைல பையன் போட்டோ அனுப்பினான். கண்ணாடி போட்டுப் பாக்கல... பாக்கப் பயமா இருந்துது. இந்தாங்க.

பிளான்காரர்: தண்ணித் தொட்டி இங்க... படிக்கட்டு இங்க... அப்படின்னா இது... சம்பந்தி.

மேஸ்திரி: சொல்லாதீங்க.

பிளான்காரர்: நட்ட நடுவுல. சரியா அந்த இடத்து மேல.

மேஸ்திரி: ஐயோ.

பிளான்காரர்: போனைப் போடுங்க.

மேஸ்திரி: உங்க போன்லேருந்து நீங்களே போடுங்க.

பிளான்காரர்: ஸ்பீக்கர்ல வைக்கறேன். அடிக்குது... எடும்மா, எடு...

மருமகள்: அப்பா? பொம்மை வீடு ஆச்சா? இவ காலைலேருந்து என்னை நச்சரிச்சு எடுக்கறா.

பிளான்காரர்: அவ எங்க?

மருமகள்: ஹால்ல குப்புறப் படுத்துப் படம் வரையறா. ஏன்?

பிளான்காரர்: அவளைத் தூக்கிக்கிட்டு வெளிய வா.

மருமகள்: எதுக்குப்பா? அடுப்புல பால்...

மேஸ்திரி: அம்மாடி, நான் மாமா பேசறேன். செருப்புகூட வேணாம். பிள்ளையைத் தூக்கு, கேட்டைத் தாண்டு. அப்புறம் எதுவானாலும் கேளு.

மருமகள்: மாமா, ஏன் குரல் இப்படி... இருங்க, தூக்கிட்டேன். ஏய், பென்சிலை விடுடி. வா... வந்தாச்சு. ரோட்டுல நிக்கறேன்.

மேஸ்திரி: மேல இருக்கறவங்களை இறங்கச் சொல்லு. இன்னும் ஒரு சட்டி மணல்கூட ஏறக் கூடாது.

மருமகள்: என்னங்க, இறங்குங்க... மாமா சொல்றாரு... தெரியல, எல்லாரையும் இறங்கச் சொல்றாரு... இறங்கறாங்க மாமா.

பிளான்காரர்: எல்லாருமா?

மருமகள்: எல்லாரும் வந்தாச்சுப்பா. இவர் கோவமா நிக்கறாரு. என்ன சொல்ல?

பிளான்காரர்: யாரும் திரும்ப உள்ள போகக் கூடாதுன்னு சொல்லு. பால் பொங்கினா பொங்கட்டும், வெளிய சிலிண்டரை மூடிடு. நாங்க கிளம்பிட்டோம்.

மேஸ்திரி: ...வச்சுட்டாளா?

பிளான்காரர்: வச்சுட்டா.

மேஸ்திரி: இரும்பு முட்டு பத்து என் கொட்டாயில கிடக்கு. போற வழியில ஏத்திக்கலாம். முதல்ல பீமுக்கு முட்டு, அப்புறம்தான் கல்லுல கை வைக்கணும்... நில்லுங்க. அங்க போனதும் நான்தான் பேசுவேன்.

பிளான்காரர்: சம்பந்தி...

மேஸ்திரி: தூணை எடுத்தவன் நான். மருமக கேட்டான்னு அவ பேரை இழுக்க மாட்டேன். பையன் இனி என் மூஞ்சியில முழிக்க மாட்டான், அது என் தலையெழுத்து. நீங்க பின்னால நில்லுங்க. உங்க பிளான்ல பன்னெண்டு இருக்கு. பேத்திக்கு ஒரு தாத்தாவாவது மிஞ்சட்டும்.

பிளான்காரர்: எனக்குத் தெரியும்.

மேஸ்திரி: என்ன தெரியும்?

பிளான்காரர்: குடிபோன அன்னைக்கே. எல்லாரும் ஹால் எம்மாம் பெரிசுன்னு வாயைப் பிளந்தாங்க. நான் தூணை எண்ணினேன்.

மேஸ்திரி: ...ஆறு வருஷமாவா?

பிளான்காரர்: பொண்ணைக் கொடுத்த வீடு. மாமனார் கட்டினதுல குறை கண்டுபிடிச்சா அவ அங்க எப்படித் தலைநிமிந்து வாழறது? நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். இதுக்குப் பன்னெண்டு சீவினதும் அதுக்குத்தான்.

மேஸ்திரி: அடப்பாவி மனுஷா... சரி, விடுங்க. தெரிஞ்சும் வாயைத் திறக்கல, அவ்வளவுதானே. நானும்தான் திறக்கல. ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. கீழ தூணெல்லாம் சரியா இருக்குன்னு ஒருத்தன் எழுதிக் கொடுக்காம மாடி எடுக்க அனுமதி வராதே. வந்து எண்ணிக்கூடப் பாக்காம எந்தப் படுபாவி எழுதிக் கொடுத்தான்?

பிளான்காரர்: மாப்பிள்ளை என்கிட்டதான் வந்தார். பன்னெண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.