தே சாப்பாடா டாக்டர்?

மலேசியாவில், ரந்தாவ் ஊர்த் தோசைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு மயக்க மருந்து டாக்டர்கள் நின்றார்கள். மூத்தவர் இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து சொந்தக் குழு நடத்துகிறாராம்.

“குழுவோட மொத கேஸே நின்னு போச்சு. அவ்ளோதான்னு நெனச்சேன்லா.”

“ஏன்க்கா?”

“எஸ்டேட்டு அம்மா. ஒன்னும் சாப்பிடலன்னு சத்தியம் பண்ணாங்க. கேட்டா, காலையில தேத்தூள் கொதிக்க வச்சு, பால் ஊத்தி ஒரு கப் தே குடிச்சிருக்காங்க. ‘தே சாப்பாடா டாக்டர்?’ங்கறாங்க. மயக்கத்துல வாந்தி வந்தா நுரையீரலுக்குள்ள போயிருமே! நிறுத்திட்டேன்.”

“சர்ஜன்?”

“வேற ஆள் பாத்துக்கறேன்னு கத்துனாரு. நாங்க நாலு பேரும் ஒரே பேச்சா நின்னுட்டோம். இப்ப யாரு டூட்டின்னாலும் மொத கேள்வியே ‘தே குடிச்சீங்களா?’தான்.”

“அப்பறம்?”

“இன்னிக்கு அதே அம்மாவுக்கு அதே சர்ஜன் எங்களத்தான் கூப்பிட்டாரு. நல்லபடியா முடிஞ்சுச்சு. கண்ணு முழிச்சதும் அந்தம்மா கேக்கறாங்க, ‘இப்பவாச்சும் ஒரு தே குடிக்கலாமா டாக்டர்?’”