இரைச்சல் கோஷ்டியின் கடைசி நாடா

“அப்போ, வாஹித் பெரியப்பா கொழும்புக்குப் போகாம விட்டதுக்கு அதுதான் காரணமா?”

“அதுதான். வேற என்ன? வானொலியில கூப்பிட்டாச்சு, ஊரே பேசுது. அந்த நேரத்தில எவனாவது வாசிக்க மாட்டேன்னு சொல்லுவானா?”

“சும்மா பயங்காட்டாதீங்க, புஹாரி நானா. ஒரு துண்டு டேப் நாடாவுக்கா இவ்வளவு?”

“பயமில்லாட்டி ஜெமீலாட கைய விடு, றம்ஸியா. பார்ப்போம்.”

றம்ஸியா விடவில்லை. பதுளை முழுவதும் மின்சாரம் நின்றிருந்தது. கூரைத் தகரத்தில் மழை. மெழுகுதிரியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கினார்கள். புஹாரி சொன்னது அவருடைய மனைவியின் பெரியப்பா வாஹித்துக்கு நடந்தது. எழுபதுகளின் நடுவில்…

பொழுது சாய்கிற நேரம். ஹாலிஎலைக்கு மேலே, தேயிலை மலைக்குள் ஏறிப் போகும் பாதை. முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. வாஹித் தனியே இறங்கி வந்துகொண்டிருந்தார். தோளில் பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கோடர். கையெல்லாம் மண். ரெங்கசாமியைப் புதைத்துவிட்டு வருகிற வழி அது.

வாஹித்துக்குக் கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் கடை. பழைய ரேடியோக்களின் வால்வுகளைக் கழற்றி, குமிழைத் திருகினால் ஊளையிடுகிற பெட்டி ஒன்றைச் செய்து வைத்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்த ரெங்கசாமி, கொழுந்து அரைக்கும் உருளைகளின் சத்தத்தை நாடாவில் பிடித்து வருவான். தோட்டத்தில் தப்படிக்கும் தம்பையா அதற்கு மேல் அடிப்பான். மூன்று பேரும் சேர்ந்து செய்ததைச் சங்கீதம் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பண்டாரவளையில் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமா எழுந்து வந்து, “தம்பி, ரேடியோ பழுது போல. திருத்திட்டு வாசிங்களேன்” என்றார். ஊர் அவர்களுக்கு ‘இரைச்சல் கோஷ்டி’ என்று பட்டம் வைத்தது. ரெங்கசாமி சிரித்துக்கொண்டே அதையே பலகையில் எழுதிக் கடை வாசலில் மாட்டினான்.

வாசிக்கத் தொடங்குமுன் மைக்கை ஊதிப் பார்ப்பதும் அவன்தான்; வாஹித்தை அண்ணன் முறையில் ‘நானா’ என்பான். ஃபூ… ஃபூ… “நானா, கேக்குதுங்களா?” வாஹித் பின்னாலிருந்து கையைத் தூக்கிக் காட்டுவார். பிறகுதான் எதுவும்.

அந்த மாரியில் காய்ச்சல் வந்து படுத்தவன் எழும்பவில்லை.

ரெங்கசாமியின் லயத்து வீட்டிலிருந்து புதைகுழி வரை தம்பையா அடித்துக்கொண்டே போனான். அவன் குடும்பத்தில் ஒரு வழக்கம். தொடங்கிய அடியை நடுவில் நிறுத்தமாட்டார்கள். மண்ணை மூடிய பிறகு, ஒரே ஒரு அடி… பலமாக. பயணம் முடிந்தது என்று போனவனுக்குத் தெரிவது அந்த அடியில்தான். வாஹித் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டே நடந்தார். குழிக்கு வந்து சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. மெசின் நனைந்துவிடும் என்று அதை நிறுத்திச் சட்டைக்குள் மறைத்தார். தம்பையா கடைசி அடியை அடித்தான். அது நாடாவில் இல்லை.

பிறகு வாஹித் அந்த நாடாவில் ஒரு துண்டை வெட்டினார். இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, மின்சாரத்தில் ஓடும் கடைப் பெரிய மெசினிலிருந்து மேசைமேல் நின்ற சோடாப் போத்தலைச் சுற்றி ஓடவிட்டார். தப்பு முடியவே இல்லை. சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கு அடியில் பெட்டியின் ஊளையை மெல்ல மெல்ல ஏற்றினார். பண்டாரவளை மண்டபத்தில் அதைப் போட்டபோது யாரும் சிரிக்கவில்லை. சில பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முடிந்ததும் கைதட்டல்… அவர்களுக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அந்த வாரமே கொழும்பிலிருந்து வானொலிக்காரர்கள் கூப்பிட்டார்கள்.

அழைப்பு வந்த அன்றிரவுதான் வாஹித் கவனித்தார். தப்புக்குப் பின்னால், தூரத்தில்… சளக்… சளக்… சேற்றில் ஒரு ஆள் நடக்கிற சத்தம். ஊர்வலத்தில் எத்தனையோ பேர் நடந்தார்கள். இது ஒரே ஆள். மறுநாள் போட்டுப் பார்த்தார். அதே துண்டு, அதே ஒட்டு. ஆனால் நடை கொஞ்சம் கிட்ட வந்திருந்தது.

தம்பையாவிடம் சொன்னார். அவன் சிரிக்கவில்லை. “மலையில நான் முடிச்சிட்டேங்க. நீங்கதான் அவன இங்க திரும்பத் திரும்பத் தூக்கிக்கிட்டுப் போறீங்க.”

தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் தம்பையாவின் குடும்பத்துக்குப் போகும் முறை வந்திருந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் தப்பைத் தீயில் காய்ச்சி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான்.

“மெசினப் போடுங்க நானா. ஒரு அடி. பத்திரமா அதுல சேத்து ஒட்டிருங்க.”

“அது உள்ள வந்தா வளையம் செத்துப் போகும், தம்பையா. இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு கதவு தொறந்திருக்கு. கொழும்பு முடியட்டும்.”

“கொழும்பு முடியிறப்ப நான் ராமேஸ்வரத்துல இருப்பேங்க.”

 தம்பையா தப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் பதுளை ஸ்டேஷனில் ஒரே அழுகை. கோச்சி நகர்ந்தபோது சன்னல்களில் கைகள்தான் தெரிந்தன. எது தம்பையாவின் கை என்று வாஹித்துக்குத் தெரியவில்லை.

கொழும்புக்குப் போவதற்கு முந்தின இரவு. கடைப் பலகைகளை அடைத்துவிட்டு, கடைசித் தடவையாகப் போட்டுப் பார்த்தார். தப்பு… தப்பு… சளக்… சளக்… இப்போது மிகக் கிட்ட. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கடைக்குள் வாட்டிய கொழுந்தின் வாசனை எழுந்தது. அதோடு மெசின் எண்ணெய்… ஈர மண்…

வாஹித் பிளக்கைப் பிடுங்கினார்.

நாடா ஓடிக்கொண்டிருந்தது. சோடாப் போத்தலைச் சுற்றி, நிதானமாக.

மேசையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தார். தகர மூடி ஒன்றை எடுத்து அதிலும் அடித்தார். தப்பு நிற்கவில்லை. அது தம்பையாவின் அடி இல்லையே. திரும்பவும் அடித்தார்… திரும்பவும்… விரல் பிளந்து இரத்தம் வந்தது.

நடை நின்றது.

ஒலிபெருக்கியில் யாரோ ஊதினார்கள். ஃபூ… ஃபூ…

“நானா, கேக்குதுங்களா?”

எத்தனை வருடப் பழக்கம். யோசிக்குமுன்னே வாஹித்தின் கை தானாக மேலே எழுந்துவிட்டது.

“காலெல்லாம் ஊறிப்போச்சுங்க நானா. எம்புட்டு நேரமா நடக்கிறேன், குழிய இன்னும் காணோம். தம்பையாவ ஒருக்கா வரச் சொல்லுங்க… அந்த ஒரு அடிய அடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க.”