உலர்ந்த கைகள்

"உனக்கு ஏன் கை இப்படி வேர்க்குது?" என்று பேரிங் கம்பெனி சூப்பர்வைசர் கேட்டார். வேர்வை பட்டால் பேரிங் துருப்பிடிக்கும் என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். அக்கா அம்சவல்லியின் கைகள் எப்போதும் உலர்ந்திருக்கும். அவளை எடுத்துக்கொண்டார்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராது. அதனால் வீட்டில் பேச வேண்டியிராத வேலையாகப் பார்த்து, பிள்ளைப்பாக்கத்தில் சிற்பி பாண்டுரங்கன் சாரின் ஷெட்டில் சேர்த்துவிட்டார்கள். சார் மெட்ராஸிலிருந்து வந்தவர். பழைய இரும்புக் கடையில் பல்சக்கரமும் செயினும் வாங்கிவந்து, பற்றவைத்து, ஆள் உயரத்தில் ஒரு பெண்ணைச் செய்துகொண்டிருந்தார்.

"மனுஷி எங்க முடியறா, மிஷின் எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கறவனுக்குத் தெரியக் கூடாது" என்பார். கைகள் மட்டும் நிஜக் கைகளின் அச்சாக இருக்க வேண்டும். என் கைகளைப் பார்த்தார். பிறகு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அக்காவின் கைகளைப் பார்த்தார். "உன் கையக் குடும்மா" என்றார்.

"குடுத்துட்டு, கம்பெனிக்கு எத்த எட்துக்கினு போறது சார்?" என்று அக்கா சிரித்தாள்.

அச்சு எடுக்கும் முறையை சார் எனக்குக் கற்றுத் தந்திருந்தார். மாவுக்கட்டுப் போடும் அதே வெள்ளை மாவுதான். எண்ணெய் தடவிய கையின்மேல் மெல்லிசாகப் பூசிப் பூசி எடுக்க வேண்டும். வாளியில் கரைத்து உள்ளே கையை விடவே கூடாது. இறுகும்போது மாவு சுட்டுவிடும். உப்புப் போட்டால் இன்னும் வேகமாக இறுகும்.

வேலைக்குப் போனதிலிருந்து, சோற்றுக்கு உட்கார்ந்தாலும் அக்காவின் விரல்கள் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். "இன்னாடி பாக்கற? என் கை இன்னும் ஷிப்ட்லயே கீது" என்பாள். அந்தக் கைகளை மிஷின் முழுசாக எடுத்துக்கொள்வதற்குள் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என்னைப் போல கம்பெனிக்குப் போகாமல் இருந்தால் அவளுக்கு என்ன குறை?

சார் இரும்பு வாங்க மறைமலை நகர் போயிருந்த அன்று அக்காவுக்கு லீவு. எனக்குச் சாப்பாடு கொண்டு ஷெட்டுக்கு வந்திருந்தாள். வாளியில் மாவைக் கரைத்தேன். உப்புப் போட்டேன். சார் அச்சு எடுக்கச் சொன்னதாக அவளிடம் சொன்னேன். அவள் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள்.

"வெதுவெதுன்னு நல்லாக் கீதுடி" என்றாள் முதலில். பிறகு, "சுடுதுடி" என்றாள். பிறகு, "எட்துடுடி பாப்பா, எட்துடுடி" என்று அலறினாள். மாவு கல்லாகியிருந்தது. சுத்தியல் எனக்குப் பின்னால்தான் இருந்தது. பயந்துவிட்டால் எனக்குக் கையும் ஓடாது, வாயும் வராது. ஊருக்கே தெரியும். அதனால் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆடினால் அச்சு கெட்டுவிடும்.

பக்கத்து வயலில் இருந்தவர்கள் ஓடிவந்து உடைத்தார்கள். ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"சுடும்னு உங்கிட்ட சொல்லாமப் போய்ட்டேனாம்மா?" என்று சார் அழுதார். போலீசிடமும் தன் தப்பு என்றே சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லித்தான் இருந்தார். உப்பையும் நான் தெரிந்துதான் போட்டேன். அதன் பிறகு அவர் ஷெட் பக்கம் வரவில்லை.

அச்சுத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, கைகளை நானே வார்த்து, இரும்புப் பெண்ணுக்குப் பொருத்தினேன். நகம், ரேகை எல்லாம் அப்படியே வந்திருந்தன. விரல்கள் கொஞ்சம் மடங்கியிருந்தன, அவ்வளவுதான்.

கட்டுப் பிரித்த பிறகு அக்காவை அழைத்துவந்து காட்டினேன். "இனிமே இத்த யாரும் எட்துக்கினு போக முடியாதுக்கா" என்றேன். சொல்லும்போது எனக்குக் குரல் தடையில்லாமல் வந்தது.

அவள் வெகுநேரம் பார்த்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை. அவளுக்குப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். பிறகு தகரக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, வெளியே போனாள்.