தம்பி, மெதுவா போ

— சரி, ஆட்டோவும் வேண்டாம். அப்போ எதுலதான் போவீங்க? பல்லக்கு சொல்லி அனுப்பட்டுமா?

— ஆட்டோ குலுக்குற குலுக்குல உங்கம்மாவுக்கு எலும்பு ஒண்ணு மிஞ்சாது.

— அதான் கால் டாக்சின்னேன். ஃபோன்ல ஒரு தட்டு தட்டினா வாசல்ல வந்து நிப்பான். முதியோர் ஹோமுக்குப் போய் அம்மாவை ஏத்திக்கிட்டு, எப்பவும் போல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க.

— வாரத்துக்கு ஒரு மூஞ்சி வரும்.

— வந்தா என்ன? பொண்ணா குடுக்கப் போறீங்க?

— வேண்டாம்மா.

— எதிர்வீட்டு மாமா ஞாயித்துக்கிழமை சும்மாதான் இருக்கேன், நான் ஓட்டுறேன்னு அவராவே வந்து சொன்னாரே.

— அந்த ஆள் பேசுற பேச்சுக்கு உங்கம்மா இறங்கி நடந்தே போயிடுவா.

— ஒவ்வொண்ணுக்கும் ஒரு நொட்டை. அப்பா, கார் சாவியை நீங்களாத்தான் என் கையில குடுத்தீங்க. நான் பிடுங்கலை.

— யார் இல்லைன்னா? ஹோம் கேட்ல இடிச்சேனே, அந்த இடதுபக்கத் தூண் என் கண்ணுல படவே இல்லை. தூண் நின்ன இடத்துல ஒரு ஆள் நின்னிருந்தா? கண் டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். அதுல பேச்சே இல்லை.

— அப்புறம் என்ன அடம்? போன ஞாயித்துக்கிழமை நீங்க போகலை. அம்மா சாப்பிடக்கூட எழுந்திருக்காம வாசல்லயே உட்கார்ந்திருந்தாங்களாம். நர்ஸ் சொன்னாங்க.

— வாசல்ல உட்கார்ந்து என்ன சொன்னாளாம்?

— எப்பவும் சொல்றதுதான். தம்பி வந்தாச்சா, தம்பி வந்தாச்சான்னு.

— ம்.

— வயித்தெரிச்சல், சொல்லிடுறேன். கடையை மூடிட்டு ஓடிப்போய்த் தலை வாரி, நகம் வெட்டி விடுறது நான். என்னைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பொண்ணும்மான்னு கேக்குறாங்க. கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற உங்க பிள்ளையை மட்டும் மறக்கலை. அன்னிக்கு நீங்க அம்மாவோட வண்டியில வர்றப்ப நான் ஃபோன் போட்டேனே, அப்பவும் பின்னாடி அம்மா குரல்தான். ‘தம்பி, மெதுவா போ.’ அதை அவன்கிட்ட சொன்னேன். உடைஞ்சு அழுதுட்டான். உடனே டிக்கெட் பார்க்குறேன்னான்.

— அவன்கிட்ட ஏம்மா சொன்னே?

— ஏன், சொல்லக் கூடாதா?

— அந்தத் தம்பி அவன் இல்லை.

— பின்னே?

— நான்.

— என்னப்பா சொல்றீங்க?

— டிரைவரை வேற எப்படிக் கூப்பிடுவா? எனக்கு ஆபீஸ் ஜீப் ஓட்டினவரையும் அப்படித்தானே கூப்பிட்டா. முன்சீட்டுல ஸ்டியரிங் பிடிச்சு உட்கார்ந்திருக்கிறவன் அவளுக்குத் தம்பி.

— வாய் நிறைய ‘என்னங்க’ன்னு கூப்பிட்டவங்க...

— அந்த ‘என்னங்க’ அவ நினைப்புல இன்னும் ஆபீஸ்ல இருக்கார். ‘அவர் வர்ற நேரமாச்சு, கொண்டுபோய் விட்டுடு தம்பி’ன்னு சொல்லுவா. சரிங்கம்மான்னு சொல்லுவேன். ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிட்டு, திரும்ப அதே ஹோம் வாசல்ல நிறுத்தி, வீடு வந்துடுச்சும்மான்னு கதவைத் திறந்து விடுவேன். இறங்கிப் போயிடுவா.

— நீங்க யாருன்னு சொல்லவே இல்லையா?

— ஒரு தடவை சொன்னேன். நான்தான்டி உன் புருஷன்னு. ஓடுற வண்டியில கதவைத் திறக்கப் போயிட்டா. அதோட வாயை மூடிக்கிட்டேன்.

— அப்பா...

— டாக்சியில எவனோ ஓட்டினா அவன் தம்பி. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற கிழவன் யாரு? சொல்லு. ஏறவே மாட்டா.

— எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— அவ சொல்லுவா, கண்ணாடியில என்னைப் பார்த்துக்கிட்டே. ‘எங்க வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டார் தம்பி. ஆனா நான் தூங்குற வரைக்கும் விளக்கை அணைக்க மாட்டார்.’ என்கிட்ட அவ ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை. டிரைவர்கிட்டதான் சொன்னா.

— அழாதீங்கப்பா.

— அழலை. கண்ணுக்கு மருந்து விட்டிருக்கேன்.

— மருந்து விக்கிறவகிட்டயேவா? இங்க பாருங்க. ஞாயித்துக்கிழமை வண்டியை நான் ஓட்டுறேன்.

— உனக்கு அன்னிக்குத்தானே கடையில கூட்டம்?

— ஒரு நாள் மருந்துக்கடையைச் சாத்தினா ஊர் செத்துடாது. நம்ம வண்டி, அதே வழி. நீங்க முன்னாடி என் பக்கத்துல உட்காருங்க. அம்மா எப்பவும் போலப் பின்னாடி.

— நீ யாருன்னு கேப்பாளே?

— ‘இவர்தான் உங்க பழைய டிரைவர்மா. இவருக்கு இப்போ கண்ணு சரியில்லை. நான் இவரோட பொண்ணு, அதான் ஓட்ட வந்திருக்கேன்’னு சொல்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே.

— பழைய டிரைவர்னு சொன்னியே, அதைத் தவிர.

— அதுவும் நிஜம்தானே?

— ...நிஜம்தான். ஆனா அவளை உனக்குத் தெரியாது. உன்னைப் பார்த்தா பாவப்படுவா. ‘அப்பாவுக்குக் கண்ணு இப்படி ஆயிடுச்சே, உங்கம்மா எங்கேம்மா இருக்காங்க’ன்னு கேப்பா. அதுக்கு என்ன சொல்லணும்னு இப்பவே யோசிச்சு வை.